வண்டி ஓட்டும்போது பீதி கிளம்பினால்: அந்த நிமிடத்திலும் அதற்குப் பிறகும் செய்ய வேண்டியவை

மேம்பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சு திடீரென்று படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு பாதியிலேயே நின்றுவிடுவதுபோல் இருக்கிறது, எதிரே தெரியும் சாலை ஏதோ திரையில் ஓடுவதுபோலத் தோன்றுகிறது. ‘மயங்கி விழப்போகிறேன், வண்டி கையை விட்டுப் போகப்போகிறது’ என்ற எண்ணம் வெறும் எண்ணமாகத் தெரியாமல், நடந்துகொண்டிருக்கும் உண்மையாகவே தெரிகிறது. இப்படி ஒரு முறை வந்தபின் பலரும் அந்தப் பாலத்தைத் தவிர்க்கத் தொடங்குவார்கள். பிறகு நெடுஞ்சாலை, பிறகு இரவுப் பயணம், பிறகு தனியாக ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கைவிடுவார்கள். கடைசியில் சாவி ஆணியிலேயே தொங்கும்.

இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பீதி உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களில் உங்கள் வேலை, வண்டியைப் பத்திரமாக ஓட்டுவது மட்டும்தான். பயம் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பயத்தைக் குறைப்பது இரண்டாவது வேலை; அதை வேறொரு நாளில், நீங்களே நேரம் குறித்து, சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பதுதான் பெரும்பாலானோருக்குச் சிக்கலாகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கும், இரத்த அழுத்தம் ஏறும், தசைகள் இறுகும், மூச்சு வேகமாகும். ஓடவோ மோதவோ தயாராகிவிட்ட உடம்பு இது. நீங்களோ இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை லேசாகும், பார்வை மங்கும், சுற்றியிருப்பவை நிஜமில்லாததுபோலத் தெரியும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறுவிறுவென்று இருப்பதும், சிலருக்கு விரல்கள் விறைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

காற்று போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் உண்மையில் காற்று அதிகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ‘நன்றாக ஆழமாக மூச்சை இழு’ என்று பக்கத்திலிருப்பவர் அன்போடு சொல்வது இந்த இடத்தில் நிலைமையை மோசமாக்கும்.

மயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மயக்கம் வர இரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பீதியில் அது ஏறுகிறது. அதனால் பீதியின்போது மயங்கி விழுவோமோ என்ற பயம்தான் அடிக்கடி வரும், உண்மையில் மயங்குவது அரிது. இரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கும் பழக்கம் உள்ளவர்கள் வேறு வகை. எந்தக் காரணத்தாலாவது உண்மையிலேயே நினைவு தப்பியிருந்தால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

பீதி ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் ஒரு விளக்கம் தந்தார். இன்றைய சிகிச்சையில் பெரும்பகுதி அதன்மேல் நிற்கிறது. நெஞ்சு படபடப்பை ‘மாரடைப்பு’ என்றும், தலை லேசாவதை ‘மயக்கம்’ என்றும் மனம் தவறாகப் படிக்கிறது. அந்த வாசிப்பே புதிய ஆபத்தாகி, இன்னும் அட்ரினலினைக் கொண்டுவருகிறது; அறிகுறி கூடுகிறது, பயமும் கூடுகிறது. வெளியிலிருந்து எதுவும் நடக்காமலேயே இந்தச் சுற்று சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். ஆனால் அந்த வேகத்தை உடம்பால் நீண்ட நேரம் தாங்கிப்பிடிக்க முடியாது. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். அதன்பின் சில மணி நேரம் களைப்பாக இருக்கலாம்.

கிளம்புமுன்

தூக்கம் குறைந்த நாளிலும், வெறும் வயிற்றில் காபி குடித்த நாளிலும் உடம்பு ஏற்கெனவே பாதிப் படபடப்பில் இருக்கும். காஃபீனில் பாதியை உடம்பு கழிக்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆகவே மாலைப் பயணத்துக்கு மதியக் காபியும் கணக்கில் சேரும். முந்தைய இரவு மது குடித்திருந்தால் மறுநாள் காலையில் காரணமில்லாத நடுக்கமும் பதற்றமும் வருவது இயல்பு. அன்று கடினமான சாலையில் பயிற்சி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இருக்கையைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். முதுகு முழுதாகச் சாய்ந்திருக்கும்போதே, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். பெடலை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தூரத்தில் உட்கார்ந்தால் தோள் எப்போதும் இறுகியிருக்கும், அந்த இறுக்கமே பதற்றத்தின் முதல் அறிகுறிபோலத் தோன்றும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக இருக்கட்டும்.

ஏசியை உள்காற்றுச் சுழற்சியிலேயே நெடுநேரம் விட்டால், மூடிய வண்டிக்குள் கரியமில வாயு சேர்ந்து தலை கனக்கும், மந்தமாகும். வெளிக்காற்று வரும்படி மாற்றி, குளிர்ந்த காற்று முகத்தில் படுமாறு துவாரத்தைத் திருப்பிவிடுங்கள். வழிகாட்டி மேப்பும் பாட்டும் கிளம்புமுன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால்

முதலில் கண். பீதியில் பார்வை குறுகி, முன்னால் போகும் வண்டியின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணை வலிந்து உயர்த்தி, சாலை போய் முடியும் தூரத்தைப் பாருங்கள். பிறகு கண்ணாடிகளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தூரத்துக்கு வாருங்கள். தூரத்தைப் பார்த்தால் வண்டி தானாக நேராகப் போகும், ஸ்டீயரிங்கைத் திருத்தும் வேலையும் குறையும். அருகில் பார்த்தால் வண்டி அலைவதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றமே அடுத்த பயத்தைக் கிளப்பும்.

அடுத்து வேகம். பீதியில் சிலர் தம்மையறியாமல் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள், சீக்கிரம் தப்பிவிட வேண்டும் என்று. சிலர் காலை எடுத்துவிடுவார்கள். வேகமான சாலையில் வண்டி ஆபத்தான அளவுக்கு மெதுவாகிவிடும். உணர்வை நம்பாமல் வேகமானியை ஒரு பார்வை பார்த்துச் சரிசெய்யுங்கள். முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டுங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கினால், நீங்கள் அதே கம்பத்தை எட்டுவதற்குள் குறைந்தது 4 நொடி ஆக வேண்டும். வழக்கமான 2 நொடி இப்போது போதாது, ஏனென்றால் உங்கள் கவனத்தில் ஒரு பங்கு உடம்பிடம் போய்விட்டது. வேகத் தடத்தில் இருந்தால் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தோள் பக்கம் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு தடமாக ஓரத்துக்கு வாருங்கள். எல்லாத் தடங்களையும் ஒரே வெட்டாகக் கடப்பது, பீதியைவிடப் பெரிய ஆபத்து.

மூன்றாவது கை. விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தால் முன்கை நடுங்கும், அந்த நடுக்கம் வண்டிக்கும் போகும். ஸ்டீயரிங்கை 9 மணி, 3 மணி நிலையில் பிடித்து, ஒரு பறவைக் குஞ்சைப் பிடிக்கும் அளவுக்கு விரல்களைத் தளர்த்துங்கள். தோளைக் காதருகிலிருந்து கீழே இறக்குங்கள். பல்லைக் கடித்திருந்தால் தாடையைத் தளர்த்துங்கள்.

மூச்சு நான்காவதுதான். முதல் மூச்சை உள்ளே இழுக்காமல், இருப்பதை வெளியே விடுவதில் தொடங்குங்கள். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மென்மையாக உள்ளே, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே. ஒரு நொடிக்கு ஒன்று எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வயிறு நிரம்பும்படி இழுக்க வேண்டியதில்லை. வெளியே விடுவது நீளமாக இருந்தால் போதும். எண்ணுவது கவனத்தைச் சாலையிலிருந்து பறித்தால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். மூச்சை அடக்கிவைக்கும் பயிற்சிகள் வீட்டில் செய்யத் தகுந்தவை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம்.

இவற்றோடு வாயைத் திறந்து பேசுங்கள். ‘முன்னால் வெள்ளை வேன், பிரேக் விளக்கு எரிகிறது. இடைவெளி இருக்கிறது. அடுத்து வளைவு, வேகத்தைக் குறைக்கிறேன்.’ காவல்துறை ஓட்டுநர் பயிற்சிகளிலும் இந்த வாய்விட்டுச் சொல்லும் முறை உண்டு. பேசும்போது மூச்சு வெளியே போவதால் வேகமூச்சு தானாகத் தணியும். உடம்புக்குள் திரும்பியிருந்த கவனமும் சாலைக்கு வரும். எங்கள் பார்வையில், ஓட்டும்போது செய்யத்தக்க உத்திகளில் இதுவே சிறந்தது. செலவில்லை, கண்ணும் கையும் இடம் மாற வேண்டியதில்லை, பொதுவாகச் சொல்லப்படும் பல தளர்வு முறைகளுக்கு இருக்கும் ஆபத்தும் இதில் இல்லை.

அந்த ஆபத்து என்னவென்று சொல்ல வேண்டும். கண்ணை மூடுவது, நாடி பிடித்துப் பார்ப்பது, போனில் தியானச் செயலியைத் தேடுவது, பின்னிருக்கையில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டுவது, யாரையாவது அழைத்து ‘எனக்கு என்னவோ செய்கிறது’ என்று சொல்வது: நின்ற வண்டியில் இவற்றில் சில பரவாயில்லை, ஓடும் வண்டியில் ஒன்றும் கூடாது.

‘பயப்படாதே’ என்று மனதுக்குக் கட்டளையிடுவதும் பலிக்காது. ‘இது அட்ரினலின். ஏறும், இறங்கும். அதுவரை நான் ஓட்டுகிறேன்’ என்பது உண்மை, அதனால் மனம் அதை ஏற்கும்.

நிறுத்த வேண்டிய நேரமும் இடமும்

தடக்கோட்டைத் தாண்டி வண்டி சாய்கிறது, சிக்னலைக் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள், கை விறைத்து ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை, பார்வை உண்மையிலேயே இருட்டுகிறது: இவற்றில் எது நடந்தாலும் நிறுத்தியாக வேண்டும். வெறும் பயம் மட்டும் இருந்து வண்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால், பெரும்பாலும் ஓட்டிக்கொண்டே போகலாம்.

எரிபொருள் நிலையம், வாகன நிறுத்துமிடம், ஓய்விடம், அமைதியான கிளைச்சாலை ஆகியவை நல்ல இடங்கள். விரைவுச்சாலையின் ஓரப்பட்டை வண்டி பழுதுக்கானது. அங்கே நிற்கும் வண்டியில் வேகமாக வரும் வண்டிகள் மோதும் ஆபத்து உண்மையானது. ஆகவே வண்டியைக் கட்டுப்படுத்த முடிகிறவரை அடுத்த வெளியேறும் வழிக்குப் போங்கள். முடியவில்லை என்றால் மட்டுமே ஓரப்பட்டை. சுரங்கச் சாலையிலும் பாலத்திலும் நடுவழியில் நிற்காதீர்கள். பெரும்பாலான சுரங்கங்களில் வழக்கமான வேகத்தில் போனால் வெளியே வர ஒருசில நிமிடங்கள்தான் ஆகும்.

நிறுத்தும்போது சீராக வேகம் குறைத்து, கியரை நியூட்ரலுக்கோ பார்க்கிங்குக்கோ மாற்றி, கைப்பிரேக் போட்டு, நால்விளக்கையும் எரியவிடுங்கள். இப்போது கண்ணை மூடலாம், தண்ணீர் குடிக்கலாம், கீழே இறங்கி நடக்கலாம். 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள்.

அதன்பின் எடுக்கும் முடிவுதான் அடுத்த சில மாதங்களைத் தீர்மானிக்கும். உச்சத்தில் திரும்பி வீட்டுக்குப் போனால், ‘தப்பித்ததால் பிழைத்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே இடத்தில் மணி இன்னும் முன்னதாக அடிக்கும். நடுக்கம் தணிந்திருந்தால் அதே திசையில் கொஞ்ச தூரமாவது, அடுத்த திருப்பம் வரையாவது போய்விட்டு வாருங்கள். தணியவே இல்லை என்றால் வேறொருவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஓரிரு நாளுக்குள் அந்த இடத்துக்கு மறுபடி போகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, முகம் ஒருபக்கம் கோணுவது, பேச்சு குழறுவது ஆகியவற்றைப் பீதி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நிறுத்திவிட்டு அவசர உதவியை அழையுங்கள். நெஞ்சுவலி முதல்முறை வரும்போதும் அப்படித்தான்.

இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு, எங்கும் சுலபமாக ஒதுங்க முடியும். ஒரு சிரமமும் உண்டு: ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்கும். மெதுவாகப் போகும்போது முகக்கண்ணாடியைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். முன்பிரேக்கைப் பதற்றத்தில் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும், அதனால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகவே அழுத்துங்கள்.

பயத்தைக் குறைக்கும் பயிற்சி

தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்புவதே இதில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. ஜோசப் வோல்பே 1950களில் உருவாக்கிய முறையில், தளர்வோடு இருந்தபடி பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கச் செய்தார்கள். பயத்தை 0 முதல் 100 வரை எண்ணால் அளக்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததே. இன்றைய சிகிச்சையாளர்கள் பலர், தளர்வாக இருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்துவதில்லை. பயத்தோடு போய், எதிர்பார்த்த விபரீதம் நடக்கவில்லை என்று நேரில் காண்பதையே மருந்தாகக் கருதுகிறார்கள்.

உங்களுக்குப் பயமான சூழ்நிலைகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். ஒருவருடைய பட்டியல் இப்படி இருக்கலாம்:

- நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது: 20
- தெருவைச் சுற்றி 10 நிமிடம்: 30
- நெரிசலான சிக்னலில் நடுத்தடத்தில் நிற்பது: 45
- நெடுஞ்சாலையில் ஒரு வெளியேறும் வழிவரை, துணையோடு: 55
- அதே தூரம் தனியாக: 70
- நீண்ட பாலம், தனியாக: 85

30 முதல் 40 வரை உள்ள படியில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைத் தெளிவாக எழுதுங்கள். ‘பதற்றமாக இருக்கும்’ என்று எழுதினால் பயனில்லை, பதற்றம் இருக்கத்தான் போகிறது. ‘பாலத்தின் பாதியில் மயங்கித் தடுப்பில் மோதுவேன், 80 சதவீதம் நம்புகிறேன்’ என்று எழுதினால்தான் அதைச் சரிபார்க்க முடியும். திரும்பி வந்ததும் நடந்ததை எழுதி, அந்தச் சதவீதத்தை மறுபடி மதிப்பிடுங்கள். பயத்தின் எண் அன்றே குறையாவிட்டாலும் கவலையில்லை. நம்பிக்கைச் சதவீதம் குறைகிறதா என்று பாருங்கள்.

வாரத்தில் ஒரு நீண்ட பயணத்தைவிட, வாரத்தில் 3, 4 நாள் அரை மணி நேரம் போவது நல்லது. ஒரு படி பழகியதும் நேரத்தையும் தடத்தையும் மாற்றிப் பாருங்கள். பகலில் ஒரே சாலையில் மட்டும் பழகினால், அந்தச் சாலையில் மட்டும்தான் தைரியம் வரும். மழை, இரவு போன்றவற்றைப் பிறகு சேர்க்கலாம். பல ஆண்டு இடைவெளி விழுந்தவர்கள் பயிற்சியாளரோடு சில வகுப்புகள் போவது நல்லது. பயத்தோடு திறமைக் குறைவும் கலந்திருந்தால், அந்தப் பகுதிக்கு ஓட்டுநர் பயிற்சிதான் தீர்வு.

முன்னேற்றம் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு: மறைவான ஊன்றுகோல்கள். எப்போதும் ஓரத் தடம், எப்போதும் திறந்த ஜன்னல், மடியில் தண்ணீர், பையில் மாத்திரை, மருத்துவமனை இருக்கும் பாதை மட்டும். வண்டி பத்திரமாக வந்ததற்கான பெருமையை இவை எடுத்துக்கொள்கின்றன. பட்டியலில் இவற்றையும் எழுதி, ஒவ்வொன்றாக விடுங்கள். சீட் பெல்ட், இடைவெளி, கண்ணாடி பார்ப்பது எல்லாம் இதில் சேராது; அவை ஓட்டுதலின் பகுதி.

உடம்பின் அறிகுறிகளையே பழக்கப்படுத்தும் பயிற்சியும் உண்டு, இது வீட்டில் மட்டும். சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது, மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக மட்டும் 1 நிமிடம் மூச்சுவிடுவது, நின்ற இடத்தில் 1 நிமிடம் ஓடுவது. தலைசுற்றலும் படபடப்பும் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டு, ஒன்றும் ஆகாமல் தானாகப் போவதை உடம்பு கற்றுக்கொள்கிறது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. செய்து முடித்த கையோடு வண்டி எடுக்கவும் கூடாது.

துணைக்கு வருபவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ‘மெதுவா, மெதுவா’ என்று அவர் பதறுவதும், அடிக்கடி ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்பதும் கவனத்தை மறுபடி உடம்புக்குள் தள்ளும். சாலையில் இருப்பதைச் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தால் போதும்.

மருத்துவரிடம் எதற்குப் போவது

அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு, இதயத் துடிப்புக் கோளாறு, சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் தாழ்சர்க்கரை ஆகியவை பீதியைப் போலவே நடிக்கும். அகன்ற வெற்றுச் சாலையில் மட்டும் வண்டி ஒருபக்கம் இழுப்பதுபோலத் தோன்றினால் உள்காதின் சமநிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் எதிர்விளக்கு கூசுவதே பயத்தின் தொடக்கமாக இருந்தால் முதலில் கண் மருத்துவர். விபத்துக்குப் பிறகு அதே காட்சி மனதில் திரும்பத் திரும்ப வருவதும், கெட்ட கனவுகளும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது வேறு வகைக் காயம். மேலே சொன்ன படிப்படியான பட்டியலைத் தனியாக முயலாமல், அதற்கென்று பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் போவது நல்லது.

மருந்தில் கவனம் தேவை. அல்பிரசோலம், லோராசிபாம், டயசிபாம் போன்றவை பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கும். ஆனால் தூக்கமும் மெதுவான எதிர்வினையும் தரும். அவற்றைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது ஆபத்து. படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தினமும் எடுக்கும் செர்ட்ரலின் வகை மருந்துகள் பலன்தரச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் பதற்றத்தைச் சற்றுக் கூட்டவும் கூடும். புதிய மருந்து தொடங்கினாலோ அளவு மாறினாலோ, அது உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும்வரை ஓட்டாதீர்கள். ‘நான் வண்டி ஓட்டுபவர்’ என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பல வாரம் நன்றாகப் போனபின் ஒரு நாள் பழைய பீதி முழுப் பலத்தோடு வரலாம். காய்ச்சல், தூக்கமின்மை, வேலை நெருக்கடி என்று ஏதாவது காரணம் இருக்கும், இல்லாமலும் இருக்கலாம். பட்டியலில் ஒரு படி இறங்கி, மூன்று நாளுக்குள் மறுபடி ஓட்டுங்கள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் பல படிகள் இறங்கித் தொடங்க வேண்டியிருக்கும்.